சிங்கம் சைஸில் ஒரு நீர்நாய்: பல்லை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்?

நீர்நாய் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின் மேல் சிப்பியை வைத்து உடைக்கும் அந்த ரீல்ஸ்தானே? அதே வகையறாவில் சிங்கம் சைஸில் ஒன்று இருந்திருக்கிறது. எடை சுமார் 200 கிலோ.

ஊர், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கு. காலம், 35 லட்சம் முதல் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. பெயர்தான் கொஞ்சம் வாயில் நுழையாது: என்ஹைட்ரியோடான் ஓமோயென்சிஸ். பிரான்ஸின் கமீல் க்ரோஹே, அமெரிக்காவின் கெவின் ஊனோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022-ல் இதைப் புது இனமாக அறிவித்தார்கள்.

இப்போது உயிரோடு இருக்கும் நீர்நாய்களில் கனமானது கடல் நீர்நாய். அதுவே 45 கிலோவைத் தொட்டால் பெரிய விஷயம். தென் அமெரிக்காவின் 'ராட்சத நீர்நாய்' பெயரில்தான் ராட்சதன், எடை 30 கிலோ சொச்சம்தான்.

முழு எலும்புக்கூடு கிடைத்ததா என்றால், இல்லை. பற்களும் தொடை எலும்புகளும்தான் முக்கிய ஆதாரம். அவற்றை இன்றைய நீர்நாய்களோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்குதான் அந்த 200 கிலோ. அதனால் இணையத்தில் சுற்றும் படங்களில் இருக்கும் ரோமம், நிறம், முகபாவம் எல்லாம் ஓவியரின் கைவண்ணம்.

தண்ணீரில் வாழவில்லையா?

இங்கேதான் கதையே சூடு பிடிக்கிறது. நீர்நாய் என்றால் தண்ணீரிலேயே கிடக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? அதைச் சோதித்துப் பார்க்க, பல்லின் மேலிருக்கும் எனாமலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தார்கள்.

லாஜிக் எளிமையானது. பல் உருவாகும்போது, அந்த விலங்கு குடித்த தண்ணீர், தின்ற இரை இரண்டின் தடமும் எனாமலில் பதிந்துவிடும். ஆக்சிஜன் அணுவில் கனமானது, லேசானது என்று வகைகள் உண்டு. இவைதான் ஐசோடோப்கள். நீரிலேயே ஊறிக்கிடக்கும் நீர்யானைக்கும் தரையில் திரியும் விலங்குக்கும் இந்தக் கலவையின் விகிதம் வேறுபடும். கார்பன் ஐசோடோப்கள் உணவைக் காட்டிக்கொடுக்கும். வெப்பமண்டலப் புல்லை மேய்ந்த விலங்கைத் தின்றதா, மரம் செடிகளின் இலையைத் தின்ற விலங்கைத் தின்றதா என்று ஊகிக்க முடியும்.

ரிசல்ட்? ஆக்சிஜன் விகிதம் நீர்யானைப் பக்கம் போகவில்லை. அதே பகுதியில் வாழ்ந்த பெரும்பூனைகள், கழுதைப்புலிகளோடு ஒத்துப்போனது. உணவும் ஒரே ரகமாக இல்லை. ஆக, தரையில் நடமாடி, தரை விலங்குகளை வேட்டையாடியோ, செத்துக் கிடந்ததைத் தின்றோ வாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்போது அதை 'நீர்'நாய் என்று கூப்பிடுவதே கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது!

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. என்ஹைட்ரியோடான் என்ற பேரினப் பெயர் முதலில் வைக்கப்பட்டதே நம் சிவாலிக் மலைப் புதைபடிவத்துக்குத்தான். வைத்தவர் ஹ்யூ ஃபால்கனர். அச்சில் வந்தது 1868-ல்.

பக்கத்து வீட்டுக்காரர் யார்?

நம் மூதாதையர் வழியில் வந்த ஆஸ்திரலோபித்தேக்கஸ். 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி' இந்தக் கூட்டம்தான். லூசிக்கு உயரம் மூன்றரை அடி, எடை 30 கிலோ அளவில். எதிரே 200 கிலோ நீர்நாய் வந்தால் யார் ஓடியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு பெரிய விலங்கு ஏன் அழிந்தது? கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய ஊனுண்ணிகள் பல, கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் காணாமல் போயிருக்கின்றன. தட்பவெப்ப மாற்றம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் லார்ஸ் வெர்டலின் சந்தேகப்படுவது வேறு ஆளை: இறைச்சி சாப்பிடப் பழகி, அவற்றின் இரைக்குப் போட்டிக்கு வந்த நம் மூதாதையரை.