உலை எரியாத இரவு

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடுகள் பல உண்டு. கரவன் என்று நாம் அழைக்கும் இவற்றிற் பிரயாணஞ் செய்வோர், காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ வண்டியை நிறுத்தி, அதனுள்ளேயே துயில்வர். நீர் உறையுங் குளிர் சூழ்ந்த இரவிலே, உள்ளிருக்கும் வெப்ப உலை எரிய மறுத்தால் என் செய்வது? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வுலை புரொப்பேன் வாயுவை எரித்து வெப்பந் தருவது. எனினும், அதன் இயக்கம் 12 வோல்ற்று மின்னையே நம்பியிருக்கின்றது. அறை குளிர்ந்ததும், சுவரிலுள்ள வெப்பநிலைநிறுத்தி ஓர் ஆளியைப்போல மின்சுற்றை மூடுகின்றது. உடனே விசிறி சுழலத் தொடங்கும். காற்று போதிய வேகம் பெற்றதும், அதனால் தள்ளப்படும் சிறு தகடொன்று இன்னோர் ஆளியை மூடும். கப்பற் பாய்போலக் காற்றை ஏற்று அசைவதால் இதனைப் பாய் ஆளி என்பர். அதன் பின்னரே, பெரும்பாலான உலைகளில் ஏறக்குறைய 15 விநாடி கழித்து, வாயுவழி திறந்து தீப்பொறி பிறக்கும். சில விநாடிகளுள் சுவாலை தோன்றாவிடின், வாயுவழி தானே மூடிக்கொள்ளும்.

இவ்வொழுங்கை மனத்திற் கொண்டால், பழுது எங்கேயென்பதை உலையின் நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம்.

விசிறி சுழலவேயில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் உருகியைப் பார்த்தல் வேண்டும். அது எரிந்திருந்தால், அதே அளவுடைய உருகியையே இடவேண்டும். உருகி நன்றாயிருப்பின், இரண்டே கம்பிகளையுடைய எளிய வெப்பநிலைநிறுத்தியானால், அக்கம்பிகளை உலையினருகே கழற்றி ஒன்றோடொன்று சிறிதுநேரம் இணைத்துப் பார்க்கலாம். உலை இயங்கினால், பழுது வெப்பநிலைநிறுத்தியிலோ அதற்குச் செல்லுங் கம்பியிலோ உள்ளது. இயங்காவிடின், உலைக்கு மின் வந்து சேர்கின்றதா என்று சோதிக்க வேண்டும்.

இனி, விசிறி சுழல்கின்றது. தீ மட்டும் பற்றவில்லை. இந்நிலையிற் பலர் புதிய வெப்பநிலைநிறுத்தி வாங்கிப் பொருத்திப் பணத்தை இழப்பர். விசிறியைச் சுழலச் செய்ததன்மூலம் அது தன் கடமையை முடித்துவிட்டதன்றோ! இங்கே முதலில் ஐயுறவேண்டியது மின்கலவடுக்கையே. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உலையின் முனைகளில் வோல்ற்றுமானியை வைத்து அளக்க வேண்டும். 10.5 வோல்ற்றுக்குக் கீழே இருப்பின், விசிறி மெதுவாகவே சுழலும், பாய் ஆளி மூடாது, தீயும் பிறவாது. குளிரிலே மின்கலவடுக்கின் வலு குறைவதும், முனைகளிற் களிம்பு படிவதும், புவியிணைப்புத் தளர்வதும் இதற்குக் காரணங்களாகலாம். முகாமிடத்தின் மின்னிணைப்பில் நன்றாய் எரியும் உலை, காட்டிலே மின்கலவடுக்கில் மட்டும் எரிய மறுப்பது இதற்கு நல்ல அடையாளம்.

மின் சரியாயிருந்தும் தீ பற்றாவிடின், வாயு உருளை வெறுமையாயுள்ளதா, காற்றுவழியிலே தூசியோ குளவிக்கூடோ அடைத்துள்ளதா என்று நோக்குக.

ஓர் எச்சரிக்கை. பாய் ஆளியையோ, வெப்பம் மிகும்போது உலையை நிறுத்தும் எல்லை ஆளியையோ கம்பியால் இணைத்துவிட்டு உலையை ஓட்டுதல் ஒருபோதும் தகாது. காற்றோட்டம் குன்றிய உலையிலிருந்து காபனோரொட்சைட்டு வெளிப்படலாம். நிறமும் மணமுமற்ற அந்நஞ்சு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். ஆகவே, அதனை அறிவிக்கும் கருவி வண்டியுள் என்றும் இயங்க வேண்டும். வாயுவின் மணம் வந்தாலோ, எந்த ஆளியையுந் தொடாமல் யாவரையும் வெளியேற்றி, வெளியேயுள்ள உருளையை மூடிவிட்டு, பழுதுபார்ப்போரை அழைத்தல் வேண்டும்.

எரிய மறுக்கும் உலை பல வேளைகளிற் கெட்டுப்போன உலையன்று. நம்மைக் காக்கும் உலையே. அதன் தடையை நீக்க முயலாது, தடையின் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.