பாட்டியின் பெயரை முதலில் சொல்லுங்கள்

பாடகர் அறிவு 2024-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி.

குற்றாலத்தில் சாரல் விழும் கார் பருவத்தில், சிற்றாற்றுப் பாசன வயல்களில் நாற்று நடுவது நம் சேரித் தாய்மார். நடவுப் பாட்டும் குலவையும் அவர்களுடையவை. துட்டி வீட்டு ஒப்பாரியும்தான். அதே மெட்டு சினிமாவுக்குப் போனால் 'நாட்டுப்புறப் பாடல்' ஆகிவிடுகிறது. பாடியவளுக்குப் பெயரில்லை.

குறத்தியைப் பாடவைத்துக் குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்பார்கள். நட்டுக்கொண்டே பாடியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சென்ட் வயல்கூடச் சொந்தமில்லை.

கல்லூரி மேடையில் பாட்டியின் பாட்டைப் பாடும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: செல்போனில் முதலில் அவர் குரலைப் பதியுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை அவரே சொல்லட்டும். அப்புறம் நீங்கள் பாடுங்கள்.