சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன்

சென்ற வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீட்டு மனைகளாக மாறிய சவுக்குத் தோப்புகளைப் பார்த்தோம். இந்த வாரம் அதே சாலையில் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பக்கம் வருவோம்.

அந்தச் சாலையில் இருக்கும் கடப்பாக்கத்தில் ரயில் கிடையாது. இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்த இந்த ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க. உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே போவது வேலைக்கு. அவர்களுக்கு வழி இரண்டு. பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிக் கோவளத்தில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாக சிறுசேரி சிப்காட் போகலாம். இல்லையென்றால் மதுராந்தகம், செங்கல்பட்டு என்று போய் மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் பரனூர். அங்கேதான் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி.

தமிழ்நாடு அரசின் டிட்கோவும் மகிந்திரா குழுமமும் சேர்ந்து 2002இல் தொடங்கிய வளாகம் அது. ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும் அருகருகே ஓடும் இடமாகப் பார்த்துப் பிடித்தது கெட்டிக்காரத்தனம். ஆனால் உள்ளே 1,500 ஏக்கர். ரயிலை விட்டு இறங்கியவர் கோடியிலிருக்கும் தொழிற்சாலைக்கு வெயிலில் நடந்து போக முடியாது. கம்பெனி பஸ்ஸோ, வேனோ, நண்பரின் பைக்கோ வேண்டும். கடைசியில் மீண்டும் சக்கரத்தைத்தான் நம்பியாக வேண்டுமென்றால், வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ் வரட்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

தரமணி கதை வேறு மாதிரி. அங்கே ஐ.டி. அலுவலகங்களுக்கான டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில். பறக்கும் ரயில் திருவான்மியூருக்கு வந்தது 2004இல். நடக்கிற தூரம்தான். நியாயமாகப் பார்த்தால் அந்த ஸ்டேஷன் கட்டடம் ஓட்டலும் கடையும் அலுவலகமுமாகத் திமிலோகப்பட்டிருக்க வேண்டும். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிரம்மாண்டமான கூடங்கள் எத்தனை வருஷம் காலியாகக் கிடந்தன என்று. ரயில்வே தன் ஸ்டேஷனைக் கட்டியது, டைடல் தன் அலுவலகத்தைக் கட்டியது. நடுவில் இருந்த நிலத்தைப் பற்றி யோசிப்பது யார் வேலை என்றே தீர்மானமாகவில்லை.

இப்போது மூன்றாவது வாய்ப்பு வந்திருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி சுமார் 45 கி.மீ. வந்து சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. மூன்று வழித்தடங்களுக்கும் சேர்த்து மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. சிறுசேரியில் டி.சி.எஸ். வளாகம் மட்டும் 70 ஏக்கர். உருகுவேக்காரரான கார்லோஸ் ஓட் வடிவமைத்தது. மேலிருந்து பார்த்தால் கட்டடங்கள் வண்ணத்துப்பூச்சிகளாகத் தெரியும். தரையில் நடந்து போகிறவருக்குத் தெரிவது காம்பவுண்டுச் சுவர். அதைத் தாண்டினால் அடுத்த கம்பெனியின் சுவர். குறுக்கே புகுந்து போக ஒரு சந்துகூட இல்லாமல் போட்ட லே-அவுட் இது. எல்லாரும் காரிலோ கம்பெனி பஸ்ஸிலோ வருவார்கள் என்று நினைத்துப் போட்டது.

ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்து நிமிட நடைக்குள், வீடும் வேலையும் கடையும் நெருக்கமாக அமைய வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. சிறுசேரியில் அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்குத் தருவது சிப்காட். ரயில் மெட்ரோ நிறுவனத்துடையது. சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் போட்டது. தெருவிளக்கும் குப்பையும் ஊராட்சி. பழைய சென்னைப் பெருநகர எல்லைக்குள்கூட சிறுசேரி வரவில்லை. 1,189 சதுர கி.மீ. எல்லையை 5,904 ஆக விரித்தது 2022இல்தான்.

இதே சிக்கலை முன்கூட்டியே யோசித்த இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு வெளியே இருக்கும் டைசன்ஸ். அலுவலக வளாகங்களும் ஷாப்பிங் மால்களும் நிறைந்தது. வேலை பார்த்தவர்கள் ஒரு லட்சம், குடியிருந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் கீழே. அலுவலகங்களைவிடக் கார் நிறுத்தங்களுக்கு அதிக இடம். அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியது 2014இல். நிலத்துக்கான திட்டத்தை ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி நான்கு வருஷம் முன்பே, 2010இல் நிறைவேற்றிவிட்டது. 2050க்குள் ஒரு லட்சம் பேர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வளர்ச்சியில் முக்கால் பங்கு ஸ்டேஷனிலிருந்து அரை மைலுக்குள் வர வேண்டும். பெரிய பெரிய வளாகங்களைக் குறுக்கே வெட்டிச் சின்னத் தெருக்கள் போட வேண்டும். அகலமான சாலைகளைக் கடப்பது இன்றும் அங்கே பாடுதான். ஆனாலும் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு வந்தவரிடம் தெருவுக்கு இடம் கேட்டு வாங்க முடிந்தது.

நாம் பெரும்பாலும் செய்வது தளப்பரப்பைக் கூட்டிக் கொடுப்பது. அதற்குக் கட்டணம் வாங்குவது. அதனால் மாடி உயரும், வழி திறக்காது. சிறுசேரியில் குத்தகைக்காரர் கூடுதல் மாடி கேட்கும்போது சுவரில் பத்தடி அகல நடைபாதை ஒன்றை நிபந்தனையாகக் கேட்கலாம். கார் நிறுத்தங்களில் ஒரு பகுதியை வாடகைக் குடியிருப்பாக மாற்றச் சொல்லலாம். பரனூர்வாசிக்கும் கடப்பாக்கத்துக்காரருக்கும் கட்டுப்படியாகிற வாடகையில், அவ்வளவுதான். தூண்கள் எழுந்துகொண்டிருக்கும்போது கேட்டால் கிடைக்கும். ரயில் ஓடத் தொடங்கி நில மதிப்பு ஏறிய பிறகு யாரும் பத்தடி தரமாட்டார்கள்.

கடப்பாக்கத்துப் பக்கமும் ஒரு ரயில் பாதை உண்டு, காகிதத்தில். பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை. 2008-09 ரயில்வே பட்ஜெட் காலத்தது. அதன் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)