செய்தி கையாளும் வேகத்தை அளத்தல்: செய்திப்பலகை அளவுநிரல்களும் தாமிரபரணி வெள்ள எச்சரிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினிச் செய்திப்பலகைகள் இயங்கிய காலத்தில், ஒரு நொடிக்கு எத்தனை செய்திகள் கையாளப்படுகின்றன என்பதை அளக்கச் சிறு நிரல்கள் பயன்பட்டன. அவற்றின் செயல்முறையையும் அளவீட்டில் நேர்ந்த பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேகத்தை அளப்பதற்கு முன்னர் அளவின் அலகும் தொடக்கப்புள்ளியும் வரையறுக்கப்பட வேண்டும் என்பதும், தமிழ்ச் செய்திகளுக்கு இத்தேவை கூடுதலானது என்பதும் தாமிரபரணிக் கரையின் வெள்ள எச்சரிக்கையைச் சான்றாகக் கொண்டு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செய்திப்பலகை, ஃபிடோநெட், குறியேற்றம், ஒருங்குறி, குறுஞ்செய்தி, தாமிரபரணி, வெள்ள எச்சரிக்கை

முன்னுரை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை தாமிரபரணிக் கரையை மூழ்கடித்தது. ஆற்றின் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. வெள்ளம் வடிந்தபின் எழுந்த விவாதங்களுள் ஒன்று, எச்சரிக்கை எப்போது வந்தது என்பது. டிசம்பர் 12ஆம் நாளே முன்னறிவிப்பு தரப்பட்டது என்றது ஒன்றிய அரசுத் தரப்பு. உச்ச எச்சரிக்கை தாமதமாகவே வந்தது, பெய்த மழையும் முன்னறிவித்ததைவிடப் பன்மடங்கு மிகுதி என்றது மாநில அரசுத் தரப்பு. அரசியலை ஒதுக்கிவிட்டு நோக்கினால், இரு தரப்பும் வெவ்வேறு செய்திகளை வெவ்வேறு தொடக்கப்புள்ளிகளிலிருந்து அளந்தன என்பது புலப்படும். ‘செய்தி விரைவாகச் சென்றது’ என்னும் கூற்று, எந்தச் செய்தி, எங்கிருந்து எங்கே, எந்த அலகில் என்பவை சொல்லப்படாதவரை பொருளற்றது. இச்சிக்கலை மிகச் சிறிய அளவில், உயிரிழப்புக்கு இடமில்லாத ஒரு களத்தில், செய்திப்பலகை நடத்தியவர்கள் முன்னரே எதிர்கொண்டனர். ஆதலின் அவர்களுடைய அளவுநிரல்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

செய்திப்பலகையும் அளவுநிரலும்

தொலைபேசி இணைப்பின்வழி ஒரு கணினியை மற்றொரு கணினி அழைத்துச் செய்திகளைப் படிக்கவும் எழுதவும் உதவிய முதல் பொதுச் செய்திப்பலகையை வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் ஆகிய இருவரும் 1978 பிப்ரவரியில் சிகாகோவில் இயக்கினர். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் உருவாக்கிய ஃபிடோநெட், தனித்தனிப் பலகைகளை வலையமைப்பாக இணைத்தது. தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒரு பலகை மற்றொன்றை அழைத்து, அன்று சேர்ந்த செய்திகளைச் சுருக்கிய பொதியாக ஒப்படைக்கும்.

பொதியைப் பெற்ற கணினியின் பணி, தபால் பிரிப்பகத்தின் பணியை ஒத்தது. டாஸர் எனப்பட்ட நிரல் பொதியை விரித்து, ஒவ்வொரு செய்தியும் எந்தத் தலைப்புப் பகுதிக்குரியது எனக் கண்டு அங்கே சேர்க்கும். ஏற்கெனவே வந்த செய்தியின் நகலாயின் நீக்கும். அடுத்த பலகைகளுக்குச் செல்ல வேண்டியவற்றை மீண்டும் பொதியாகக் கட்டும். அக்காலத்து டாஸ் இயக்குதளம் ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்யும். செய்திகள் பிரிக்கப்படும் நேரம் முழுவதும் தொலைபேசி மணி அடித்தாலும் பலகை எடுக்காது. பிரிப்பு வேகத்தை அளக்கும் ஆர்வம் இங்கிருந்தே பிறந்தது. அழைத்தவர் காத்திருந்த நேரமே அதன் விலை.

அளவுநிரலின் அமைப்பு எளிது. டாஸர் எழுதும் பதிவேட்டைப் படித்து, தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் இடைப்பட்ட நொடிகளால் செய்திகளின் எண்ணிக்கையை வகுப்பது ஒரு முறை. உள்ளடக்கம் முன்னரே அறியப்பட்ட சோதனைப் பொதியை ஊட்டி, ஆகும் நேரத்தைக் கணிப்பது மற்றொரு முறை. பின்னதே நம்பத்தக்கது, எனினும் முன்னதே எளிது என்பதால், மக்கள் ஒப்பிட்டுப் பெருமை பேசிய எண்களுள் பல அதன்வழிப் பிறந்தவையாகவே இருக்க வேண்டும்.

அளவீடு பிழைக்கும் இடங்கள்

முதற்பிழை கடிகாரத்தில் உள்ளது. பதிவேடு முழு நொடிகளை மட்டுமே குறிக்கும். 100 செய்திகளைப் பிரிக்க 2 நொடிகள் ஆயின எனப் பதிவேடு காட்டினால், உண்மையில் ஆன நேரம் 1 நொடிக்குச் சற்று மேலாகவும் இருக்கலாம், 3 நொடிக்குச் சற்றுக் கீழாகவும் இருக்கலாம். அதாவது, வேகம் நொடிக்கு 33 முதல் 100 செய்திகள் வரை எதுவும் ஆகலாம். 6,000 செய்திகளுக்கு 120 நொடிகள் எனின் அதே பிழை நொடிக்கு ஒரு செய்தியைவிடக் குறைந்துவிடும். நேரடியாகக் கணினிக் கடிகாரத்தைப் படித்த நிரல்களும் தப்பவில்லை. தனிக்கணினியின் கடிகாரத் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை மட்டுமே.

இரண்டாவது பிழை நினைவகத்தில் உள்ளது. ஒரே பொதியை இரண்டாம் முறை ஊட்டும்போது, வட்டிலிருந்து படித்தவை இடைநினைவகத்தில் தங்கியிருப்பதால் வேகம் கூடியதாகத் தோன்றும்.

மூன்றாவது பிழை மொழியாய்வாளர் கவனத்துக்குரியது. ஃபிடோநெட்டின் அடிப்படைத் தரம் பதினாறடிமான எண் 8டி என்னும் குறியை ‘மென்மையான வரிமுறிவு’ எனக் கொண்டு, பெறும் நிரல் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆங்கிலத்துக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் ரஷ்ய மொழியினர் பயன்படுத்திய 866ஆம் குறிப்பக்கத்தில் அதே எண் ‘ந’கர ஒலிக்குரிய பெரிய எழுத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்து வழியிலேயே உதிர்ந்துபோனதால், அதன் வடிவத்தை ஒத்த இலத்தீன் எழுத்தை அவர்கள் மாற்றாக இட்டனர். அளவுநிரலோ எழுத்து உதிர்ந்ததை அறியாது; செய்தி சேர்ந்துவிட்டது என்றே எண்ணும். 8 பிட் குறியேற்றத்தில் மேற்பாதி இடங்களை நிரப்பிய எந்த எழுத்து முறைக்கும், தமிழ் எழுத்துருக்கள் உட்பட, இவ்விடர் உரியதே. வேகத்தோடு செம்மையையும் சோதிக்காத அளவீடு பாதி அளவீடே.

அலகு என்னும் சிக்கல்

‘நொடிக்கு இத்தனை செய்திகள்’ என்னும்போது ஒரு செய்தியின் நீளம் யாது என்ற வினா எழுகிறது. தந்திப் பணியாளர்கள் இதற்கு நேர்த்தியான விடை கண்டிருந்தனர். மோர்ஸ் முறையில் ‘பாரிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், சொல்லிடைவெளியையும் சேர்த்து, சரியாக 50 புள்ளிக்கால அளவு கொண்டது. அச்சொல்லை நிமிடத்துக்கு எத்தனை முறை அனுப்ப முடிகிறது என்பதே வேகம். இம்முறையில் ஆங்கிலேயர் எழுதிய ‘டின்னவேலி’ என்னும் பத்தெழுத்து வடிவத்தைக் கணக்கிட்டால் 92 புள்ளிக்காலம் வருகிறது. பெறுநர் முகவரியில் அவ்வூர்ப்பெயரை அடிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு பாரிஸ் அடிக்கும் நேரம் ஆகும். (எழுத்தைக் காலத்தால் அளப்பது தமிழுக்குப் புதிதன்று. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தொல்காப்பியம். அக்கணக்கில் ‘திருநெல்வேலி’ ஆறரை மாத்திரை.)

கணினியில் அச்சொல்லின் நீளம் குறியேற்றத்துக்கேற்ப மாறுகிறது. தமிழர் எண்ணும் முறையில் ‘திருநெல்வேலி’ 6 எழுத்து. உகர உயிர்மெய்களுக்கும் புள்ளி மெய்களுக்கும் தனி இடம் தந்த தகுதரம் என்னும் 8 பிட் குறியேற்றத்தில் 10 பைட். ஒருங்குறியில் 12 குறியெண். அதனை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட். ஒரே சொல்லைக் கையாளும் ஒரே கணினியின் வேகத்தை நொடிக்கு இத்தனை பைட் என்று கூறினால், யுடிஎஃப்-8 தகுதரத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் ‘வேகமானதாக’த் தோன்றக்கூடும். செய்தது அதே பணிதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றின் பழம்பெயராகிய ‘பொருநை’ 3 எழுத்து. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். முன்னதில் சொல் 6 குறியெண், பின்னதில் 7. திரையில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறித் தரம் இரண்டையும் நிகரெனவே கொள்கிறது. ஆயினும், இயல்பாக்கம் செய்யாமல் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நகல் நீக்கி இவற்றை இரு வேறு செய்திகளாகக் கருதும்.

வெள்ள எச்சரிக்கையில் அலகு

செய்திப்பலகைகள் மறைந்தன. சேமித்து அனுப்பும் முறை மறையவில்லை. குறுஞ்செய்தி நடுவம் செய்வதும் வாங்கி, வரிசைப்படுத்தி, அடுத்த இடத்துக்கு அனுப்பும் அதே பணியே. அங்கும் வேகம் நொடிக்கு இத்தனை எனவே குறிக்கப்படுகிறது; ஆனால் எண்ணப்படுவது பெரும்பாலும் செய்தியன்று, துண்டு.

ஒரு துண்டின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தின் 7 பிட் எழுத்துகளாயின் 160 இடும். தமிழாயின், ஒவ்வொரு குறியெண்ணும் 2 பைட் பெறுவதால் 70 மட்டுமே. செய்தி அதை மீறித் துண்டாகும்போது இணைப்புக் குறிப்பும் இடம்பிடிப்பதால் துண்டுக்கு 67. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகள் கைப்பேசித் தரத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அவை பரவலான வழக்கிற்கு வரவில்லை.

பின்வரும் மாதிரி வாக்கியத்தைக் கொள்ளலாம்: ‘தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் வருகிறது, கரையோர மக்கள் உடனே மேடான இடங்களுக்குச் செல்லவும்.’ இதில் 46 எழுத்துகள் உள்ளன. இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்ந்து 85 குறியெண்கள். ஆகவே இரண்டு துண்டு. இதே 85 இடங்களில் அமையும் ஆங்கில வாக்கியம் ஒரு துண்டில் பாதியைச் சற்றே தாண்டும். ஒரு நடுவம் நொடிக்கு 100 துண்டுகளை அனுப்புகிறது எனவும், பெறுநர் ஒரு லட்சம் பேர் எனவும் கணக்குக்காகக் கொண்டால், ஆங்கிலச் செய்தி 16 நிமிடம் 40 நொடியில் முடியும்; தமிழ்ச் செய்தி 33 நிமிடம் 20 நொடி எடுக்கும். நடுவத்தின் அளவுநிரல் இரண்டுக்கும் ஒரே வேகத்தையே காட்டும். ஆற்றங்கரையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 17 நிமிடம்.

சொல்லாக்கம் இங்கே பொறியியலாகிறது. ‘தாமிரபரணி ஆற்றில் வெள்ளம், கரையோர மக்கள் உடனே மேட்டுக்குச் செல்லவும்.’ என்று திருத்தினால் 69 குறியெண்கள், ஒரே துண்டு. ‘வருகிறது’ என்னும் வினை போனதில் பொருளிழப்பு இல்லை. ‘மேடான இடங்களுக்கு’ என்பதைவிட ‘மேட்டுக்கு’ என்பதே பேச்சுக்கும் நெருக்கமானது. ‘தாமிரபரணி’க்கு மாற்றாகப் ‘பொருநை’ என்றிட்டால் மேலும் 3 குறியெண் மிஞ்சும். ஆனால் நள்ளிரவில் விழித்தெழுபவருக்கு இலக்கியப் பெயரைக் காட்டிச் சிக்கனம் செய்வது தகாது. எச்சரிக்கை வாசகங்களை முன்கூட்டியே வடிவமைக்கும் பணியில் தமிழ்த்துறையினருக்கு இடமிருப்பதை இச்சிறு கணக்கு காட்டுகிறது.

ஒரு கோபுரத்தின் எல்லையிலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே வேளையில் செல்லும் செல் பிராட்காஸ்ட் முறையில் பெறுநர் எண்ணிக்கை பொருட்டன்று. அங்கும் நீளம் பொருட்டே. ஒரு பக்கத்துக்கு 7 பிட் எழுத்தாயின் 93, தமிழாயின் 41. மிகுதியாக 15 பக்கங்கள். மேற்கண்ட முதல் வாக்கியம் 3 பக்கம், திருத்திய வாக்கியம் 2 பக்கம்.

தொடக்கப்புள்ளி என்னும் சிக்கல்

எச்சரிக்கைகளுக்கென வகுக்கப்பட்ட பொது எச்சரிக்கை நெறிமுறை, அனுப்பிய நேரம், நடைமுறைக்கு வரும் நேரம், நிகழ்வு தொடங்கும் நேரம், காலாவதி நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க வழிசெய்கிறது. இந்தியாவின் ‘சசேத்’ அமைப்பு இந்நெறிமுறையைத் தழுவியதே. இந்நான்கிலும் பெறுநர் படித்த நேரம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. செய்திப்பலகையின் பதிவேடும் இப்படியே. பொதி பிரித்து முடிந்த நொடியோடு அதன் கணக்கு நின்றுவிடும். வாசகர் மறுநாள் மாலை அழைத்துப் படித்தால் அது கணக்கில் வராது.

டிசம்பர் 12க்கும் 17க்கும் இடையே வெளியானவை ஒரே செய்தியின் படிகள் அல்ல. முன்னறிவிப்பு, உச்ச எச்சரிக்கை, அணைநீர்த் திறப்பு அறிவிப்பு, வட்டாட்சியர் அலுவலகம் ஊருக்குச் சொல்லும் சொல் எனச் செய்தி மாறிக்கொண்டே செல்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வரும் அறிவிப்பு அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் உதவும். ஆனால் அவ்வெள்ளத்தில் கனத்த மழை கடலோரச் சமவெளியிலேயே பெய்தது. குளங்கள் உடைந்த ஊர்களுக்கு அணைச் செய்தி மட்டும் போதுமானதன்று. ஒவ்வொரு நிலையிலும் செய்தி காத்திருந்த நேரத்தைத் தனியே பதிவு செய்தாலன்றி எந்த நிலையில் தாமதம் நேர்ந்தது என்று கூற இயலாது.

அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழிருந்த சரளையை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. நிலைய அதிகாரிக்குக் கிடைத்த தகவலும், அதன்பேரில் அவர் வண்டியைப் பிடித்து வைத்ததுமே பயணிகளைக் காத்தன. அளவுநிரலின் கணக்கில் அது ஒரேயொரு செய்தி. அந்த இரவில் அதன் வேகத்தை அளக்கப் பொருத்தமான கடிகாரம், வண்டி நிலையத்தை விட்டு நகரும் நேரமாக இருந்தது.