பழைய பயாஸ், பெரிய டிஸ்க்: லினக்ஸ் ஏறுமா?

ஸ்ரீரங்கத்துல டிடிபி கடை வெச்சிருக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பழைய கம்ப்யூட்டர்ல 500 ஜிபி டிஸ்க் மாட்டினேன். பயாஸ் 137 ஜிபி-ன்னுதான் காட்டுது. லினக்ஸ் போடலாமா?"

தாராளமா போடலாம். அந்த பயாஸ் செக்டார் எண்ணை 28 பிட்டில்தான் எழுதும். செக்டாருக்கு 512 பைட் வீதம் கணக்குப் போட்டா 137 ஜிபி. அதுக்கு மேல அதால எண்ண முடியாது. ஆனா லினக்ஸ் கெர்னல் மெமரிக்குள்ள வந்துட்டா, டிஸ்க்கைத் தானே நேரடியா படிச்சுக்கும்.

மலைக்கோட்டைக்குப் போற ஆட்டோ அடிவாரத்தோட நின்னுடும். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க நாமதான் படி ஏறணும். பயாஸ் அந்த ஆட்டோ மாதிரி. அதனால கெர்னலை அடிவாரத்திலேயே வைக்கணும். நான் எப்பவும் டிஸ்க்கோட தொடக்கத்தில் 1 ஜிபி-க்கு பூட் பார்ட்டிஷனைத் தனியா பிரிச்சுடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

பிரிக்காட்டாலும் முதல் நாள் ஓடலாம். அதுதான் ஆபத்து. பின்னாடி ஒரு அப்டேட்டில் புது கெர்னல் 137 ஜிபி-க்கு அப்பால் போய் உட்கார்ந்தா, பயாஸை நம்பியிருக்கிற க்ரப்பால அதை எடுக்க முடியாது. வாடிக்கையாளர் காத்திருக்கிற காலையில கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.