கருவுற்ற பெண்களும் ஓப்பியாய்டு சார்புக்கான சிகிச்சையும்
ஹெராயின், டேபென்டடால் போன்ற ஓப்பியாய்டுகளுக்கு அடிமையான கர்ப்பிணி முதலில் அறிய வேண்டியது, அவற்றைத் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பதே. திடீரென நிறுத்தினால் கருச்சிதைவு, குறைப்பிரசவ அபாயம் உண்டு; பழக்கம் திரும்பும் வாய்ப்பும் அதிகம். உலக சுகாதார அமைப்பின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மெதடோன் அல்லது புப்ரினார்ஃபின் கொண்ட தொடர் சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என வீட்டார் கேட்பதுண்டு. மருத்துவர் அளந்து தரும் மருந்தின் அளவு இரத்தத்தில் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. கருவுக்கு வேண்டியது அதுதான். பிறந்த குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை வரலாம், அது குணப்படுத்தக்கூடியது. சிகிச்சையில் நிலைபெற்ற தாய் பெரும்பாலும் தாய்ப்பாலும் கொடுக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் கொல்லிமலை போன்ற இடங்களில், கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பப் பதிவின்போதே குற்றம் சாட்டாமல் இவற்றைச் சொல்வது நல்லது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.