எந்த வினாவை முதலில் கேட்பது? எச்.ஐ.வி. ஆராய்ச்சியும் நாட்டின் முன்னுரிமைகளும்

மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு நாடு ஒதுக்கும் பொருள் எக்காலத்தும் போதியதாக இருந்ததில்லை. ஆகவே எந்த வினாவை முதலில் ஆராய்வது, எதனைப் பின்னுக்கு வைப்பது எனும் தெரிவு தவிர்க்கவியலாதது. அத்தெரிவைச் செய்வோர் தலைநகர்களில் உள்ளனர். அதன் பயனையோ இழப்பையோ அடைவோர் வேறிடங்களில் வாழ்கின்றனர். அவ்வேறிடங்களுள் ஒன்றாகிய திருத்தணியில் நின்று இவ்வினாவை நோக்க முற்படுகிறோம்.

திருத்தணி ஆடிக் கிருத்திகையன்று காவடிகளால் நிறையும் மலைக்கோயில் ஊர். சென்னையினின்று திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதன் வழியே செல்கின்றன. 1960ஆம் ஆண்டுவரை அது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் அங்கு தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. நோய்க்கிருமி மாநில எல்லையை அறியாது. ஆனால் எச்.ஐ.வி. தடுப்புப் பணி மாநிலந்தோறும் தனித்தனிச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால், பிணியாளரின் பதிவேடு அவ்வெல்லையை நன்கறியும்!

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட வரலாறும் இவ்வட்டாரத்தின் அருகே நிகழ்ந்ததே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற மருத்துவர் நிர்மலாவும், பாலியல் தொழில் காரணமாகக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தனர். அவற்றைச் சோதிக்கும் வசதி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தமையால், நிர்மலா அவற்றை இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுசென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. இந்நோய் நம் நாட்டுக்கு வாராது என்று நம்பப்பட்ட காலத்தில் ஓர் இளம் மருத்துவர் கேட்ட சிறிய வினா அது. அரிய துணிவு என்றே சொல்ல வேண்டும். எனினும் குருதி எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆராய்ச்சிக்குத் தம் உடலைத் தந்தோர் ஆராய்ச்சியைப் பற்றி எதுவும் சொல்ல இயலாதவராயிருந்தனர். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் அறிந்து தரும் ஒப்புதலைக் கட்டாயமாக்கிற்று. இடையில் முப்பத்தோராண்டுகள் சென்றுவிட்டன.

வினாவைத் தெரிவதில் சென்னைக்கு முன்னரே நல்ல பயிற்சி உண்டு. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், காசநோயாளரை மருத்துவமனையில் கிடத்தாமல் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என ஆராய்ந்தது. படுக்கைகள் போதாத ஏழை நாட்டின் வினா அது. முடியும் என்ற விடை 1959இல் வெளிவந்து உலகெங்கும் நடைமுறையை மாற்றிற்று. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், பி.சி.ஜி. தடுப்பூசியின் பெருஞ்சோதனை தொடங்கிற்று. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான விடையே கிடைத்தது. அதுவும் ஒரு விடைதான்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரைக் கொல்லும் நோய்களுள் முதன்மையானது காசநோய். நம் நாட்டுத் திட்டத்தில் நெடுங்காலம் காசநோய் மருந்து வாரம் மும்முறையே தரப்பட்டது. இடைவிட்டு மருந்து தரும் இம்முறைக்கு அடிகோலியதும் சென்னை மையத்தின் 1960களின் ஆய்வே. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு இம்முறை போதுமா? நாள்தோறும் மருந்து தந்துவந்த செல்வ நாடுகளுக்கு இவ்வினா தேவைப்படவில்லை. எனவே அவற்றின் பணமும் இதற்காக வந்திராது. இறுதியில் அதே சென்னை நிறுவனமே தமிழ்நாட்டில் 331 எச்.ஐ.வி. பிணியாளரைக் கொண்டு இதனை ஆராய்ந்தது. நாள்தோறும் தரும் முறையே சிறந்தது என்று 2018இல் வெளியான முடிவுகள் காட்டின. அதற்குள் தேசியத் திட்டமும் அம்முறைக்கு மாறிவிட்டிருந்தது. தன் முன்னோர் வகுத்த முறையைத் தானே சோதித்துக் குறைகண்ட இந்நேர்மையை நாம் போற்றுகிறோம். ஆயினும் இவ்வினா பத்தாண்டுகளேனும் முந்திக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இலவசக் கூட்டுமருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோதே இது எழுந்திருக்க வேண்டிய வினா.

உலகளாவிய ஆய்வுகளிலும் சென்னைக்குப் பங்குண்டு. தொற்றுள்ளவர் காலந்தாழ்த்தாது மருந்துண்டால் அவருடைய துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் அறிவித்த ஆய்வில் சென்னை, புனே இணையர்களும் பங்கேற்றனர். ஆனால் தொற்று உறுதியானவுடன் அனைவருக்கும் மருந்து என்ற கொள்கையை இந்தியா 2017இல்தான் ஏற்றது. கண்டறிவது ஒரு பணி; கண்டதை ஊர் மருத்துவமனைவரை கொண்டுசேர்ப்பது மற்றொரு பணி. பின்னதும் ஆராய்ச்சிக்குரியதே என்பதை முன்னுரிமை வகுப்போர் எளிதில் ஒப்புவதில்லை. புதிய மூலக்கூறு தரும் புகழ் இதில் இல்லையல்லவா?

2024இல் லெனகாபவிர் என்னும் ஊசிமருந்து பற்றிய முடிவுகள் வந்தன. ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனைப் பெற்ற, தென்னாப்பிரிக்காவையும் உகாண்டாவையும் சேர்ந்த 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. அம்மருந்தை மலிவாகச் செய்ய உரிமம் பெற்றவற்றுள் ஐதராபாத் நிறுவனங்களும் உண்டு. மருந்து பயன்தருமா என்ற வினாவுக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் விடைதந்துவிட்டனர். அதனை இங்கு மீண்டும் கேட்பதில் பொருள் செலவழிப்பது வீண். நமக்கென எஞ்சியிருக்கும் வினாக்கள் வேறு. சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் முதல் ஊசியைத் திருத்தணியில் பெற்றால், இரண்டாவதை நகரியிலோ புத்தூரிலோ பெற முடியுமா? அவர் பெயர் வெளிப்படாமல் இரு மாநிலப் பதிவேடுகளும் ஒன்றையொன்று அறிவது எங்ஙனம்? ஊசி போட்டுக்கொள்வதே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றஞ்சும் பெண் எந்த வாயிலுக்கு வருவாள்? இவற்றுக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இரு மொழி அறிந்த செவிலியர் சிலரும், இரு சங்கங்களின் ஒப்புதலும், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சிலர் திட்டமிடும் மேசையில் தொடக்கம் முதலே அமர்ந்திருப்பதும் போதும்.